திருவரங்கத்து நந்தவனத் தொண்டர்

தோற்றுவாய்

நம் கல்லூரி முகமண்டபத்தின் இரு மருங்கும் மார்கழி, தைத் திங்கள்களில் செந்தழல் எனப் பூத்து நிற்கும் செடியை அறியாத மாணவர் இலர். அதன் பெயர் சால்வியா என்பது. பிரேசில் நாட்டினின்றும் கடல் கடந்து வந்த அச்செடிக்குப் பழந்தமிழில் பெயரில்லை. ஆயினும் அது நமக்கு முற்றும் அயலதன்று. அதன் தண்டை விரல்களிடையே வைத்து உருட்டிப் பார்ப்பின் நான்கு பட்டைகள் புலனாகும். இலைகள் கணுதோறும் இரண்டிரண்டாய் எதிரெதிர் நிற்கும். பூவோ மேலுதடும் கீழுதடுமாகப் பிளந்து வாய் திறந்திருக்கும். இம்மூன்று அடையாளங்களும் நம் வீட்டு முற்றத்துத் துளசிக்கும் உண்டு. தும்பையும், திருநீற்றுப்பச்சையும், புதினாவும், கற்பூரவல்லியும் இவ்வினத்தனவே. தாவர நூலார் இவையனைத்தையும் லேமியேசி என்னும் ஒரே குடும்பமாகத் தொகுத்துக் கூறுவர். ஆகவே முகமண்டபத்துச் செம்மலரும் மாடத்துத் துளசியும் உறவின்முறையினர் என்க.

இவ்வுறவைக் கண்கூடாகக் காட்ட வேண்டி, சில ஆண்டுகட்கு முன்னர் மாணவர் சிலரும் யாமும் கூடி, ஒரு பாத்தி கோலி, ஒருபால் துளசியும் ஒருபால் சால்வியாவும் நட்டோம். முதல் மாதத்தில் நீரூற்றுவதற்குப் போட்டி இருந்தது. இரண்டாம் மாதத்தில் முறை வைத்துக்கொள்ள நேர்ந்தது. மூன்றாம் மாதத்தில் முறையும் மறந்தது. பின்னர்த் தேர்வு வந்தது. கோடை விடுமுறையும் வந்தது. ஆனியில் கல்லூரி திறந்தபோது அங்கே நின்றவை உலர்ந்த குச்சிகளே. சால்வியா நம் சமவெளியில் ஓராண்டுச் செடியாகவே வளர்க்கப்படுவதாதலின், அது வேனிலில் மடிவது இயல்பு என்று நம்மைத் தேற்றிக்கொள்ளலாம். துளசியைப் பொறுத்தவரை அச்சாக்கும் இல்லை. அது மடிந்தது நீரின்மையால். நீரின்மை எம் சோர்வினால்.

அன்று அக்குச்சிகளின்முன் நின்றபோது எம் நினைவிற்கு வந்தவர், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில், தம் வாழ்நாளை ஒரு துளசித் தோட்டத்திற்கே அளித்த பெரியார் ஒருவர். அவரே தொண்டரடிப்பொடியாழ்வார். பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவராகவும், இனிய பாசுரங்கள் பாடியவராகவும் அவரை நாடறியும். நாடகத்தாலும், 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தாலும், கணிகையொருத்தியின்பால் மயங்கி மீண்ட விப்பிரநாராயணராகவும் அவரை நாடறியும். தோட்டக்காரராக அவரை அறிந்தவர் சிலரே. அவர்தம் வரலாற்றை அத்தோட்டத்தின் வாயில்வழிப் புகுந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கரைகளின் பூந்தோட்டங்கள்

திருச்சிராப்பள்ளி மலைமீது உச்சிப்பிள்ளையார் திருமுன் நின்று வடதிசை நோக்கினால், காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைக்க நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவு தென்படும். 1987-இல் நிறைவுற்று 236 அடி உயர்ந்து நிற்கும் தெற்கு இராசகோபுரம் முதலில் கண்ணைக் கவரும். அதனைச் சூழத் தென்னஞ்சோலைகளும் வாழைத் தோட்டங்களும் வயல்களும் தோன்றும். இரு பேராறுகள் கொணர்ந்து சேர்த்த வண்டல் மண்ணே அத்தீவின் நிலம். மலர்ச்செடிக்கு அதனினும் ஏற்ற நிலம் யாண்டும் அரிது.

இப்பகுதியில் பூந்தோட்டம் வளர்ப்பது பொழுதுபோக்கு அன்று. பெருந்தொண்டாகவே மதிக்கப்பட்டு வந்தது. தென்கரையில் உறையூரில் சாரமா முனிவர் என்பார் செவ்வந்தித் தோட்டம் அமைத்து, நாள்தோறும் மலர் பறித்துச் சிராமலைப் பெருமானுக்குச் சாத்திவந்தனர் என்றும், அம்மலர்களைக் களவாடி அரண்மனைக்குக் கொடுத்த குற்றத்தினால் உறையூரே மண்மாரியால் அழிந்தது என்றும் செவ்வந்திப் புராணம் கூறும். சிராமலை இறைவர்க்குச் செவ்வந்திநாதர் என்னும் பெயர் அதனாலேயே வழங்குகின்றது. ஒரு தோட்டத்தின் பூக்களுக்காக ஒரு தலைநகரே அழிந்ததென்னும் கதையைப் படைத்த மக்கள், தோட்டக்காரனின் உழைப்பை எத்துணை உயர்வாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும். வடகரைக்கு அப்பால், அரங்கத்தில் விளங்கிய தோட்டமே நாம் இப்பொழுது புகும் தோட்டம்.

பிறப்பும் இளமையும்

சோழநாட்டில், கும்பகோணத்தை அடுத்த புள்ளம்பூதங்குடிக்கு அணித்தாய திருமண்டங்குடி என்னும் சிற்றூரில், அந்தணர் குடியில், மார்கழித் திங்கள் கேட்டை நாளில் இவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் விப்பிரநாராயணர் என்பது. குருபரம்பரை நூல்கள் இவர் காலத்தை மிகப் பழமையாகக் கூறும். ஆராய்ச்சியாளர் பலர் கி.பி. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கொள்வர். திருமால் மார்பில் அணியும் வனமாலையின் கூறாக இவர் அவதரித்தார் என்பது வைணவர்தம் நம்பிக்கை. மாலை தொடுத்தே வாழ்ந்தவர்க்கு இதனினும் பொருத்தமான பிறப்பு வரலாறு கூறுதல் இயலாது.

உரிய பருவத்தில் மறை முதலிய கலைகளைக் கற்றுத் தேர்ந்த இவர், இல்லறத்தில் புக விரும்பினாரில்லை. திருப்பதிகள் பலவற்றையும் சேவிக்கும் விருப்பினராய்ப் புறப்பட்டுத் திருவரங்கம் வந்தடைந்தார். அரவணையில் அறிதுயில் கொள்ளும் அரங்கனைக் கண்ட அளவில் அவர்தம் பயணம் முடிவுற்றது. வேறெங்கும் செல்ல அவர் கால்கள் எழவில்லை. அங்கேயே தங்கி, பெருமானுக்குத் துளசியும் மலரும் அளிக்க நந்தவனம் ஒன்று அமைத்து வாழ்வது எனத் துணிந்தார்.

ஏனைய ஆழ்வார்களுள் சிலர் ஊர்தோறும் சென்று பாடினர். திருமங்கையாழ்வாரோ வடக்கே இமயத்துப் பதிகளையும் தம் பாட்டில் அமைத்தார். இவர் ஒருவரே அரங்கத்தையன்றிப் பிறிதோர் ஊரைப் பாடுபொருளாகக் கொள்ளாதவர். இதனை ஒருமை நெறிப்பட்ட பத்தி எனப் பெரியோர் போற்றுவர். யாம் அதனோடு மற்றொரு காரணமும் சேர்த்துக் கூறத் துணிவோம். தோட்டம் வைத்தவன் ஊர்விட்டு ஊர் செல்ல இயலாது. திருச்சிராப்பள்ளிப் பங்குனி வெயிலில் இளநாற்றுக்கு இரண்டு நாள் நீர் தவறினால் மூன்றாம் நாள் ஊற்றும் நீர் பயனற்றதாய்விடும். செடிக்கு நாளை என்பதில்லை. அரங்கனிடத்தில் கொண்ட அன்பு அவரை அரங்கத்திற்கு ஈர்த்தது; நட்ட செடிகள் அவரை அங்கேயே நிறுத்தின.

நந்தவனத்து நாள்கள்

நந்தவனத் தொண்டின் ஒழுங்கு இன்றும் மாறிற்றில்லை. ஆதலின் அவர்தம் நாள்கள் எவ்வாறு கழிந்தன என்பதை நாம் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். துளசி விதை கடுகினும் சிறியது. அதனை மணலொடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்த்து, நீரைக் கொட்டாது தெளித்து வருதல் வேண்டும். நீர் வேகமாக விழுந்தால் விதை ஒருங்கே ஓரிடத்தில் ஒதுங்கிவிடும். முளைத்த நாற்று நான்காறு இலை விட்டபின், ஒன்றரை அடி இடைவெளியிட்டுப் பிடுங்கி நடுதல் வேண்டும். அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும்; நீர் இல்லையேல் இலை சுருங்கும். கதிர் விட்டவுடன் அதனைக் கிள்ளிவிடுதல் வேண்டும். விடின் செடி தன் ஆற்றலையெல்லாம் விதையில் செலுத்தி, இலை சிறுத்து, தண்டு மரம்போல் இறுகும். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் தோன்றிச் செடி குடைபோல விரியும். மாலைக்காகப் பறித்தலே துளசிக்கு மருந்தாவது ஒரு வியப்பு. நாள்தோறும் கொடுக்கின்ற செடியே நெடுநாள் வாழ்கின்றது.

அவர்தம் கூடையில் துளசியொடு அந்தந்தப் பருவத்து மலர்களும் சேர்ந்திருக்கும். முல்லைக்குக் கொழுகொம்பு நட வேண்டும். மல்லிகைக்குப் பருவமறிந்து கிளை கழிக்க வேண்டும். செண்பகத்திற்கு ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் களை, வேனிலில் புழுவும் வறட்சியும். அந்தி சாய்ந்தபின் துளசி பறித்தல் வழக்கன்று. ஆகவே வைகறையில் எழுந்து, பனி உலருமுன் கொய்து, வாழைநாரை நனைத்துப் பதமாக்கி, தளிர் நசுங்காது தொடுத்து, கூடையில் இட்டுத் தோளில் சுமந்து கோயிலுக்குச் செல்லுதல் வேண்டும். மாலைக்குள் அம்மாலை வாடிவிடும். மறுநாள் வைகறையில் மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். முடிந்தது என்று கை கழுவி அமரும் நாள் இத்தொழிலில் இல்லை. மறை கற்ற ஒருவர் மண்வெட்டியும் கூடையும் எடுத்து இத்தொழிலைத் தாமே செய்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

வீழ்ச்சி

இங்ஙனம் ஆண்டுகள் பல சென்றன. கொள்ளிடத்தின் வடகரையில் இன்று உத்தமர்கோயில் என வழங்கும் திருக்கரம்பனூரில் தேவதேவி என்னும் கணிகை வாழ்ந்தாள். அவள் உறையூரில் சோழ மன்னனைக் கண்டு மீளும்போது, தன் தமக்கையோடும் தோழியரோடும் அந்நந்தவனத்தின் அழகில் ஈடுபட்டு உள்ளே புகுந்தாள் என்பர். பாத்தி கட்டுவதில் கருத்தூன்றியிருந்த விப்பிரநாராயணர் தலைநிமிர்ந்தும் பார்த்தாரில்லை. தன் அழகை மதியாத ஆடவரைக் கண்டறியாத தேவதேவிக்கு அது பொறுக்கவில்லை. அவரைத் தன்வயப்படுத்துவதாகத் தமக்கையோடு சூளுரைத்தாள்.

அணிகளைக் களைந்து, காவியாடை புனைந்து, அடைக்கலம் வேண்டி அவர்முன் வந்தாள். நந்தவனத்திலேயே பணி செய்து, அவர் உண்டு எஞ்சியதை உண்டு கிடக்க இசைவு கேட்டாள். அவரும் இசைந்தார். மாதங்கள் சென்றன. அவள் நீர் முகந்தாள், களை பறித்தாள், பூக் கொய்தாள், மாலையும் தொடுத்தாள். ஒரு நாள் பெருமழை பொழிந்தது. மரத்தடியில் நனைந்து நடுங்கி நின்றவளைக் கண்டு இரங்கிய அவர், தம் குடிலுக்குள் வருமாறு அழைத்தார். இரக்கத்தில் தொடங்கியது மயக்கத்தில் முடிந்தது. சூளில் வென்ற தேவதேவி தன் இல்லம் சென்றாள். அவரும் உடன் சென்றார்.

இதன்பின் நிகழ்ந்தவற்றை நாடகம் ஆடுவோர் விரிப்பர். நாம் அவற்றைச் சுருக்கி, அவர்கள் காட்டாத ஓரிடத்திற்குச் செல்வோம். அந்நாள்களில் நந்தவனம் யாதாயிற்று? கதை அதனைக் கூறாவிடினும், செடி வளர்த்துக் கைவிட்ட எம்போலியர்க்கு அது தெரியும். முதல் வாரத்தில் வேற்றுமை ஒன்றும் தோன்றாது. பின்னர்த் துளசி கிள்ளுவாரின்றிக் கதிர் நீண்டு விதை முற்றும். கோரை பாத்தியில் ஏறும். முல்லைக்கொடி கொழுகொம்பு விட்டுத் தரையில் புரளும். இவற்றுள் எதுவும் ஒரே நாளில் நிகழ்வதன்று. மனிதன் தன் வீழ்ச்சியைத் தானே உணருமுன் அவன் தோட்டம் அதனை உணர்ந்துவிடுகின்றது.

மீட்சி

கைப்பொருள் உள்ளவரையில் தேவதேவியின் வாயில் திறந்திருந்தது. பொருள் தீர்ந்ததும் அடைத்துக்கொண்டது. அவர் எங்கும் செல்ல மனமின்றி அவள் வாயிலிலேயே கிடந்தார். அப்பொழுது அரங்கன் திருவுள்ளம் இரங்கி, ஏவலாளன் வடிவில் தேவதேவியின் இல்லம் அடைந்து, விப்பிரநாராயணர் விடுத்ததாகக் கூறிக் கோயிற் பொன்வட்டில் ஒன்றைக் கொடுத்தனன் என்பது வரலாறு. கதவு மீண்டும் திறந்தது. விடிந்ததும் கோயிலில் வட்டிலைக் காணாது தேடினர். அது தேவதேவியின் இல்லத்தில் அகப்பட்டது. விப்பிரநாராயணர் கள்வரெனப் பற்றப்பட்டு மன்னன்முன் நிறுத்தப்பட்டுச் சிறைப்பட்டார். அன்றிரவு அரங்கன் மன்னன் கனவில் தோன்றி, அச்செயல் தன்னுடையது என உணர்த்தினன். மன்னனும் அவரை விடுவித்தான்.

சிறை நீங்கியவர் நேரே திருவரங்கம் வந்தார். தம் பிழைக்குக் கழுவாயாக அடியார்களின் திருவடி நீரை உட்கொண்டார். தம் பழம்பெயரை விடுத்து, தொண்டர்களின் அடியிற் படிந்த தூசி எனப் பொருள்படும் பெயரைப் பூண்டார். நாள்தோறும் மண்ணில் கையிட்டு உழைத்தவர் மண்ணின் பொடியையே தம் பெயராக்கிக்கொண்டார். தேவதேவியும் மனந்திரும்பித் தன் செல்வத்தைப் பெருமானுக்கு ஆக்கித் தொண்டு பூண்டாள் என்பர். சூளுக்காக அவள் செய்த நந்தவனப் பணியும் அவளை அறியாமலே அவள் உள்ளத்தில் வேர்விட்டிருந்தது போலும்.

இவர் தம் வீழ்ச்சியை மறைத்தாரில்லை. சூதும் களவும் பூண்டு தீயோருடன் திரிந்ததையும், மகளிர் கண்ணாகிய வலையில் அகப்பட்டு அழுந்தியதையும் தம் பாட்டிலேயே வெளிப்படக் கூறுகின்றார். ஆனால் அவ்வருத்தத்திலேயே அமர்ந்துவிட்டாரும் இல்லை. திருமாலை, திருப்பள்ளியெழுச்சி ஆகிய இரு நூல்களின் இறுதியிலும் தம்மைப் பெயர் சுட்டிக் கூறுமிடத்துத் துளசித் தொண்டையும் உடன் கூறுகின்றார். பின்னதில் தோளிற் கிடக்கும் கூடையையும் மறந்தாரில்லை. புலவன் என்றோ மறையவன் என்றோ தம்மைக் கூறிக்கொள்ளாமல், கூடை சுமப்பவன் என்றே பின்வந்தோர் தம்மை அறியவேண்டும் என விரும்பினார். மீண்டும் தோட்டத்திற்குத் திரும்பியதே அவர் செய்த பெருங்கழுவாய் என்பது எம் துணிபு. கைவிட்ட தோட்டத்தின் வாயிலில் மறுபடியும் நுழைவதற்குப் புதுத்தோட்டம் அமைப்பதினும் மிக்க நெஞ்சுரம் வேண்டும்.

பூமாலையும் பாமாலையும்

திருமாலை 45 பாசுரங்களும், திருப்பள்ளியெழுச்சி 10 பாசுரங்களும் உடையன. அளவில் சிறியவை, ஆயினும் திருமாலையை அறியாதார் திருமாலையே அறியார் என்னும் கருத்தில் முதுமொழி ஒன்று வழங்குமளவு வைணவர் அதனைப் போற்றுவர். பெரியவாச்சான் பிள்ளை அதற்கு உரை வரைந்துள்ளார்.

திருமாலையில் அரங்கத்தைக் கூறும்போது அவர் முதலில் காண்பது மதிலையும் மாடத்தையும் அன்று, சோலையையே. வண்டு முரலவும், மயில் ஆடவும், முகில் வந்து தவழவும், குயில் கூவவும் நிற்கும் சோலை அது. பிறிதோரிடத்தில் தமக்கு ஊரில்லை, காணி நிலம் இல்லை, உறவும் இல்லை எனக் கூறுகின்றார். வாழ்நாள் முழுதும் நிலத்தைப் பண்படுத்தியவர்க்குச் சொந்த நிலம் ஒரு பிடியும் இல்லை! இன்னுமோரிடத்தில், சேது அணை கட்டியபோது நீரில் நனைந்து மணலில் புரண்டு மண் சுமந்த அணிலை நினைந்து, அதனளவு தொண்டும் தாம் செய்திலரே என வருந்துகின்றார். கூடை மண்ணும் குடம் நீருமாகத் தொண்டு செய்தவர் உள்ளத்திற்கே அவ்வணிலின் பெருமை இத்துணை அணுக்கமாகப் புலப்படும். நான்கு மறையும் ஆறு அங்கமும் கற்ற அந்தணரேனும் அடியாரைப் பழித்தால் அக்கணமே தாழ்ந்தவராவர் என்றும், தாழ்ந்ததெனப்பட்ட குலத்தவரேனும் அடியாராயின் வணங்கிக் கொள்வதும் கொடுப்பதும் செய்யத் தக்கவர் என்றும் அவர் பாடியது அக்காலத்திற்கு எளிய சொல் அன்று.

திருப்பள்ளியெழுச்சியின் சிறப்பு வேறு. அது விடியற்காலத்தைப் பாடுவது. கிழக்கே கதிர் தோன்றுகின்றது. மலர்கள் விரிந்து தேன் சொரிகின்றன. கீழ்காற்று முல்லையைத் தழுவி வருகின்றது. அன்னங்கள் பனியில் நனைந்த சிறகை உதறுகின்றன. விண்மீன்கள் மங்குகின்றன, கமுகின் மடல் கீறிப் பாளை மணக்கின்றது. மேய்ச்சலுக்கு எருமைகளை விடும் இடையர் குழலோசையும் மணியோசையும் கேட்கின்றன. பொழில்களில் பறவைகள் ஒலிக்கின்றன. இவற்றின் வரிசையை உற்று நோக்குக. பாளை வெடிக்கும் மணமும், எத்திசைக் காற்று எப்பூவின் வாசனையைக் கொணரும் என்பதும், எவ்வொலிக்குப் பின் எவ்வொலி எழும் என்பதும், படுக்கையில் கிடந்து பாடுபவனுக்குத் தெரிய வழியில்லை. பல்லாயிரம் வைகறைகளில் கூடையுடன் தோட்டத்தில் நின்றவனுக்கே அவை தெரியும். அந்நூல் பூக்கொய்யும் நேரத்தில் பிறந்த நூல் என்பது எம் கருத்து. இறைவனைத் துயிலெழுப்பும் இவ்வகைப் பாட்டு மாணிக்கவாசகராலும் பாடப்பெற்றது. பின்னர்ப் பாரதியார் பாரதமாதாவுக்கும் ஒரு திருப்பள்ளியெழுச்சி பாடினார். ஆழ்வாருடைய பாசுரங்கள் திருமால் கோயில்களில் இன்றும் விடியலில் ஒலிக்கின்றன. பூமாலைகள் அன்றன்றே வாடின, பாமாலை வாடவில்லை. ஆயினும் வாடிய மாலைகள் பலவற்றின் பின்னரே வாடாத மாலைகள் இரண்டு கிடைத்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மதிலும் தோட்டமும்

திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் மதில் எடுப்பித்த காலத்து நிகழ்ந்ததாக வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்று உண்டு. ஆலிநாடன் திருச்சுற்று என்பது அவர் பெயரால் வழங்குவதே. நேராக வந்த மதிலுக்குக் குறுக்கே தொண்டரடிப்பொடியார் மாலை கட்டும் இடம் நின்றது. மதிலோ பெரும்பணி, பொருளும் ஆளும் மிகுதியாகச் செலவிட்டு எழுவது. மாலை கட்டும் இடமோ முதியவர் ஒருவர் அமர்ந்து நார் முடியும் சிறிய இடம். திருமங்கையார் அவ்விடத்தை அகற்றச் செய்திலர். அதனை ஒதுக்கி மதிலை விலக்கிக் கட்டினார். தொண்டரடிப்பொடியார் உள்ளம் குளிர்ந்து, தாம் தோட்டத்தில் கையாண்ட கருவிக்குத் திருமங்கையாரின் பெயர்களுள் ஒன்றாகிய அருள்மாரி என்பதைச் சூட்டி மகிழ்ந்தார்.

கற்பணி செய்தவர் பூப்பணியை மதித்தார். பூப்பணி செய்தவர் அந்நன்றியைத் தம் கருவிக்கு இட்ட பெயரில் பொதிந்து, நாள்தோறும் கையில் ஏந்தினார். அரசரும் செல்வரும் திருநந்தவனங்களுக்கு நிலம் விட்டதைக் கோயிற் கல்வெட்டுக்கள் பல கூறும். பிற்காலத்தில் இராமாநுசர் அரங்கத்திலிருந்து அனந்தாழ்வானை வேங்கடத்திற்கு அனுப்பியதும் அங்கே நந்தவனம் அமைத்து மலர்த்தொண்டு செய்தற்பொருட்டே. அத்தொண்டின் வழிக்கு நம் ஆழ்வார் முன்னோடியாக விளங்குகின்றார்.

முடிவுரை

இவ்வாழ்வாரின் சமயநெறியை ஏற்பாரும் ஏலாதாரும் நம் கல்லூரியில் உளர். அவர்தம் தொழில்நெறி அனைவர்க்கும் பொது. கற்றவன் மண்ணைத் தொடலாகாது என்னும் எண்ணம் நம் இளைஞரிடத்தில் இன்றும் நீங்கினபாடில்லை. தோட்டக்காரர் குனிந்து நிற்கும் பாத்தியைக் கடந்து, அதன் பூவை மட்டும் புகழ்ந்து செல்வோர் பலர். மறை கற்றவர் ஒருவர் கூடை சுமந்ததைத் தம் பெயரொடு சேர்த்துப் பாடிய மண்ணில் இவ்வெண்ணம் வேரூன்றுதல் தகாது. வீழ்ந்தவன் எழலாம் என்பதும் இவ்வரலாறு தரும் அறிவுரையே. எழுந்தபின் அவன் விட்ட வேலையையே மறுபடியும் தொடங்க வேண்டும் என்பது அதனுள் அடங்கிய நுட்பம்.

யாமும் எம் பாத்தியை இவ்வாண்டு மறுபடியும் கோலினோம். ஆடியில் துளசி விதைத்தோம். புரட்டாசி இறுதியில் நாற்றுமேடையில் சால்வியா விதையைத் தூவினோம். அவ்விதைக்கு வெளிச்சம் வேண்டுமாதலின் அதன்மேல் மண் போர்த்தாமல், கையால் மெல்ல அழுத்தி நீர் தெளித்தோம். நாற்று விரலளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினோம். கிள்ளிய இடத்தில் இரு கிளைகள் வந்தன. பூத்து முடிந்த கதிர்களை உடனுக்குடன் அகற்றிவருகின்றோம், புதுக்கதிர்கள் எழுகின்றன. உச்சிவேளையில் வெயிலின் கடுமையைத் தணிக்க அருகிலுள்ள வேம்பின் நிழல் உதவுகின்றது. கோடை விடுமுறையில் நீரூற்ற, திருவரங்கத்திலும் உறையூரிலும் வாழும் மாணவர் அறுவர் நாள் வகுத்துக்கொண்டு இசைந்துள்ளனர். ஏழாம் நாள் எமது முறை. அப்பாத்தியில் ஆனியிலும் துளசி பசுமையாய் நிற்குமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை எய்தினோம் ஆவோம்.